வசந்தம் வராத ஊருக்கு வந்த விதைப் பெட்டி

பெட்டியின் மூடிக்கு உட்புறம் பெரிய எழுத்தில் இப்படிப் போட்டிருந்தது: கடைசி உறைபனி போன பிறகு, வசந்தத்தின் தொடக்கத்தில், வெளியில் விதைக்கவும். தைப்பூசம் முடிந்து நான்கைந்து நாள்தான் ஆகியிருந்தது. பினாங்கில், ஆயர் ஈத்தாமில் எங்கள் வீட்டுக் கார்ப்போர்ச்சில் நின்று இதைப் படித்தேன். சிமெண்டுத் தரை சுட்ட சூட்டில் கால் மாற்றிக் கால் மாற்றி நிற்க வேண்டியிருந்தது. உறைபனி என்று எங்கள் வீட்டில் ஒன்று இருந்தால் அது ஐஸ்பெட்டியின் மேல்தட்டில்தான் இருக்கும். அதுவும் யாராவது கதவைச் சரியாகச் சாத்தாமல் விட்ட நாளில்.

பெட்டியின் விலை 49.90 வெள்ளி (மலேசிய ரிங்கிட்). கூரியருக்குத் தனியாக 5.50. வாங்கியது இணையக் கடையில். கடையின் பெயர் வேண்டாம், இதே மாதிரிப் பெட்டியை இருபது பேர் விற்கிறார்கள். உள்ளே ஆறு சிறு உறைகளில் விதை: லாவெண்டர், ஸ்பினாச், செவ்வந்தி, குட்டைச் சூரியகாந்தி, செண்டுமல்லி, செர்ரித் தக்காளி. கூடவே மாத்திரை போல அழுத்திய மண்வில்லை 24, குழித்தட்டு ஒன்று, அதன் மேல் கவிழ்க்க ஒரு கண்ணாடிப் பிளாஸ்டிக் மூடி, பெயர் எழுதிக் குத்திவைக்க ஐஸ்கிரீம் குச்சிகள், ஒரு குட்டிப் பென்சில். பென்சில் நன்றாக எழுதியது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு பாராட்ட வாய்ப்புக் கிடைக்குமோ கிடைக்காதோ.

நான் பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் 31 வருடம் மெஷின் பார்த்துவிட்டு ஓய்வு பெற்றவன். ஒரு பொருள் இதைச் செய்யும் என்று எழுதியிருந்தால், செய்கிறதா என்று அளந்து பார்க்காமல் எனக்குத் தூக்கம் வராது. இந்தப் பெட்டியை நான் வாங்கக் காரணமே விளம்பரத்தில் இருந்த ஒரு வரிதான்: ஆறும் 'ஆட்டோ' ரகம், பகல் நீளம் பார்க்காமல் எந்த ஊரிலும் தானாகப் பூக்கும். அந்த 'ஆட்டோ' என்ற சொல் எனக்கு ஏற்கெனவே அறிமுகம். அறிமுகப்படுத்தியவன் என் தங்கை மகன்.

அவன் டொரோண்டோவில் இருக்கிறான். அங்கே 2018 அக்டோபர் 17 முதல் கஞ்சா சட்டப்படி அனுமதி. அந்த ஊர் இருக்கும் ஒண்டாரியோ மாகாணத்தில் ஒரு வீட்டுக்கு நான்கு செடி வரை வளர்த்துக்கொள்ளலாம். போன வருடம் ஏப்ரல் தொடக்கத்தில் பால்கனியைக் காட்டி வீடியோ கால் போட்டான். நான்கு துணித் தொட்டி, நான்கிலும் வெறும் மண்.

"ஆட்டோஃப்ளவர் விதை மாமா. வெயில் காலம், குளிர்காலம் எதையும் பார்க்காது. வயசு வந்தா பூத்துடும். பத்து வாரத்துல அறுவடை."

"வெளியில எத்தனை டிகிரிடா?"

"நாலு."

"வெயில் காலம் பார்க்காதுதான். குளிரையும் பார்க்காதுன்னு யார் சொன்னது?"

இரண்டு வாரம் கழித்து மறுபடியும் கூப்பிட்டான். ஒன்றும் முளைக்கவில்லை, விதை மண்ணுக்குள்ளேயே நொந்துபோய்விட்டது. அந்த ஊரில் விக்டோரியா டே என்று மே மாதப் பிற்பாதியில் ஒரு விடுமுறை வருகிறது. அதற்குப் பிறகுதான் வெளியில் விதை போடுவது என்று தோட்டம் வைத்திருப்பவர்கள் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்களாம். இதைப் பக்கத்து வீட்டுப் போர்த்துகீசியப் பாட்டி சொல்லித்தான் அவனுக்குத் தெரிந்தது. இரண்டாம் முறை ஜூனில் போட்டதெல்லாம் வந்தது.

அந்தச் செடி ஏன் வயதைப் பார்த்துப் பூக்கிறது என்பது சுவாரசியமான விஷயம். சாதாரணக் கஞ்சா, இரவு நீள ஆரம்பித்ததும் பூக்கும் இனம். ரஷ்யாவில் தானாக முளைத்துக் கிடக்கும் ருடராலிஸ் என்று ஒரு குட்டை வகை இருக்கிறது. 1924இல் ஒரு ரஷ்யத் தாவரவியலாளர் அதைப் பதிந்தார். அங்கே கோடை சின்னது. பகல் குறையட்டும் என்று காத்திருந்தால் விதை முற்றுவதற்குள் பனி கொட்டிவிடும். அதனால் அது முளைத்த மூன்று நான்கு வாரத்தில் பூக்கப் பழகிக்கொண்டது. அதைக் கலந்து எடுத்த ரகங்களைத்தான் இப்போது ஆட்டோ என்கிறார்கள்.

இதைப் படித்துவிட்டு நம் ஊரில் யாரும் ஆசைப்பட்டுவிட வேண்டாம். இங்கே 1952ஆம் வருடத்து அபாயகரப் போதைப்பொருள் சட்டம் இருக்கிறது, ஒரு செடியானாலும் செடிதான். தாய்லாந்தின் ஹாட்யாய் போய் வருபவர்கள் அங்கே கடையில் பார்த்தோமே என்று பாக்கெட்டில் ஒரு விதையைக்கூடப் போட்டுக்கொண்டு வராதீர்கள். நான் கஞ்சா வளர்க்கவில்லை, வளர்க்கப் போவதும் இல்லை. நாள் பார்க்காத, அதாவது பகல் நீளத்தைப் பார்க்காத செடி என்ற அந்த எண்ணம்தான் எனக்குப் பிடித்துப்போயிற்று.

காரணம் என் மாமியார். சுங்கை பட்டாணிப் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் இருந்தவர். லயத்து வீட்டின் பின்னால் பந்தல் அவரை போட்டிருப்பார். நான் கல்யாணம் ஆன புதிதில் ஆர்வக்கோளாறாக அதில் ஒரு பிடி விதை வாங்கி வந்து மார்ச்சில் நட்டேன். கொடி வேலியைத் தாண்டிப் பக்கத்து வீட்டுக் கூரையில் ஏறியது. ஒரு பூ இல்லை. உரம் போட்டேன், போன் செய்து கேட்டேன். "அது தைக்குத்தான் மாப்பிள்ளை காய்க்கும், நீங்க எப்ப நட்டா அதுக்கென்ன?" என்றார். நவம்பர் கடைசியில் பூ எட்டிப் பார்த்தது. பொங்கலுக்குக் காய் கிடைத்தது. எட்டு மாதம் இலையை மட்டும் வளர்த்த செடியை அதற்குப் பிறகு நான் நம்பவில்லை.

இத்தனைக்கும் பினாங்கில் பகல் என்ன பெரிதாக மாறுகிறது? நாம் பூமத்திய ரேகைக்கு ஐந்தரை டிகிரி மேலே இருக்கிறோம். வருடத்தின் நீளமான பகலுக்கும் குட்டையான பகலுக்கும் அரை மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல் வித்தியாசம், அவ்வளவுதான். டொரோண்டோவில் அது ஆறரை மணி நேரம். அந்த அரை மணி நேரத்தையே அவரைக்கொடி கணக்கு வைத்துக்கொள்கிறது என்றால், கைக்கடிகாரம் கட்டிய எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது.

நாள் பார்க்கும் செடி, நாள் பார்க்காத செடி என்கிற விஷயம் நம் சாப்பாட்டுத் தட்டிலேயே இருக்கிறது. கெடாவிலும் செபராங் பிறையிலும் அந்தக் காலத்து நெல் வருடத்துக்கு ஒரு போகம்தான், பகல் குறைய வேண்டும் என்று காத்திருக்கும். நாள் பார்க்காத மசூரி ரகம் 1965இல் வெளிவந்தது. 1970 வாக்கில் முடா நீர்ப்பாசனத் திட்டமும் வந்து சேர, இரண்டு போகம் ஆயிற்று. அதே மசூரிதான் தமிழ்நாட்டுக்குப் போய்ப் பொன்னி என்று பெயர் மாற்றிக்கொண்டு, மூட்டையில் ஏறி மறுபடியும் நம் கடைக்கே வந்து நிற்கிறது. 'இந்தியா அரிசிதான் வேணும்' என்று என் மனைவி கேட்டு வாங்கும்போதெல்லாம் இதைச் சொல்வேன். அவள் காதில் போட்டுக்கொள்வதில்லை.

சரி, பெட்டிக்கு வருகிறேன்.

முதலில் ஈரத் துணிச் சோதனை. ஒவ்வொரு உறையிலிருந்தும் பத்து விதையை எடுத்து நனைத்த டிஷ்யூவில் மடித்து, காலி மார்ஜரின் டப்பாவில் வைத்தேன். மூன்றாம் நாள் சூரியகாந்தியில் ஒன்பது முளைவிட்டது. செண்டுமல்லி எட்டு. ஐந்தாம் நாள் தக்காளி ஏழு. செவ்வந்தி ஒரு வாரத்துக்குப் பிறகு நான்கு. ஸ்பினாச்சில் ஒன்றே ஒன்று, அதுவும் முளைத்தோமா வேண்டாமா என்று யோசித்தபடி. லாவெண்டர் பூஜ்யம்.

லாவெண்டருக்கு ஏன் பூஜ்யம் என்று பிறகு புரிந்தது. அந்த விதை சில வாரம் குளிரில் கிடந்தால்தான் நன்றாக விழித்துக்கொள்ளும். ஒரு குளிர்காலம் தாண்டிவிட்டோம் என்று அதற்கு நம்பிக்கை வர வேண்டும். ஸ்பினாச்சுக்கு மண் 30 டிகிரிக்கு மேல் போனால் முளைக்க மனம் வராது. நம் ஊரில் பிப்ரவரி மண் காலை பத்து மணிக்கே அதைத் தாண்டிவிடும். இந்த இரண்டையும் 'எந்த ஊரிலும்' என்று எழுதி விற்றவரைப் பிடித்து ஒரு மதியம் எங்கள் கார்ப்போர்ச்சில் நிறுத்திவைக்க வேண்டும்.

அடுத்தது மண்வில்லை. தண்ணீர் ஊற்றினால் தோசைக்கல்லில் போட்ட அப்பளம் போல ஒரு நிமிடத்தில் உயர்ந்து நிற்கிறது, பார்க்க அழகுதான். பேரப்பிள்ளைகள் இருந்தால் அதற்காகவே வாங்கலாம். 24 வில்லையிலும் விதையைப் போட்டு, குறிப்பில் சொன்னபடி மூடியைக் கவிழ்த்து, காலை வெயில் படும் இடத்தில் வைத்தேன். குறிப்பில் சொன்னது 'வெதுவெதுப்பான, வெளிச்சமான வெளி இடம்'. பதினொரு மணிக்கு ஒரு சந்தேகம் வந்தது. தொழிற்சாலை நாட்களில் வாங்கிய குச்சித் தெர்மாமீட்டர் ஒன்று என்னிடம் இருக்கிறது, அதை மூடியின் காற்றுத் துளை வழியாக உள்ளே விட்டேன். 47 டிகிரி. வெளியே 32. அது நாற்றுப் பெட்டி இல்லை, இட்லிப் பானை.

நிழலுக்கு மாற்றினேன். அங்கே வேறு பிரச்சினை. மூடிக்குள் நீராவி வெளியே போக வழியில்லாமல் சொட்டிக்கொண்டே இருந்தது. நான்காம் நாள் காலையில் பார்த்தால், முந்தின இரவு நிமிர்ந்து நின்ற செண்டுமல்லி நாற்றுகள் ஆறு வரிசையாகப் படுத்திருந்தன. தண்டு மண்ணைத் தொடும் இடத்தில் மட்டும் நூல் கட்டி இறுக்கியது போல் சுருங்கி, பழுப்பு நிறத்தில் இருந்தது. இலை பச்சையாகவே இருக்கிறது, கழுத்து மட்டும் செத்துப்போயிருக்கிறது. நாற்றழுகல். ஈரமும் வெக்கையும் காற்றில்லாமையும் சேர்ந்தால் வரும் பூசண நோய். குளிர் நாட்டில் அந்த மூடி நாற்றுக்குப் போர்வை. இங்கே அது தலையணையை முகத்தில் வைத்து அமுக்குவது மாதிரி.

மூடியைக் கழற்றிச் சுவரோரம் சாய்த்து வைத்தேன். அடுத்த நாள் மலையிலிருந்து இறங்கி வந்த குரங்கு ஒன்று அதைத் தூக்கிக்கொண்டு எதிர்வீட்டு மாமரத்தில் ஏறிவிட்டது. இன்னும் மேலே மாட்டிக்கொண்டிருக்கிறது. மழை நீர் சேர்ந்து கொசு வந்துவிடுமே என்று எதிர்வீட்டுக்காரர் இரண்டு முறை ஏணி கேட்டுவிட்டார்.

இந்த நேரத்தில்தான் தங்கை மகன் சொன்ன இன்னொரு பேச்சு ஞாபகம் வந்தது. ஆட்டோ செடியை நாற்றுவிட்டுப் பிடுங்கி நடக் கூடாது, கடைசிவரை இருக்கப் போகும் தொட்டியிலேயே நேராக விதை போட வேண்டும் என்பான். ஏன் என்றால் அதற்கு ஆயுள் குறைவு. பிடுங்கி நட்டதில் ஒரு வாரம் சோர்ந்துபோனால், பருவம் பார்க்கும் செடி அந்த வாரத்தைப் பிறகு ஈடுகட்டிக்கொள்ளும். வயது பார்க்கும் செடிக்குக் கடிகாரம் நிற்காது. குட்டையாகவே இருந்து, குட்டையிலேயே பூத்து, முடித்துக்கொண்டு போய்விடும்.

சூரியகாந்தியில் அதைக் கண்ணால் பார்த்தேன். வில்லையில் முளைத்த ஐந்தைத் தொட்டிக்கு மாற்றினேன். மீதி விதையில் ஐந்தை எடுத்து, பழைய மைலோ டின்னிலும் பொலிபேக்கிலும் நேராகக் குத்திவிட்டேன். இரண்டு கூட்டமும் ஏறக்குறைய ஒரே வாரம் மொட்டு வைத்தன, ஐம்பத்தைந்து நாள் சுற்றி. மாற்றி நட்டவை ஒரு சாணும் நாலு விரலும் இருந்தன, பூ ஐம்பது காசு அளவில். நேராகப் போட்டவை முழங்காலுக்கு மேல், பூ என் உள்ளங்கையை நிறைத்தது. காரணத்தைப் பார்க்க ஒரு குட்டைச் செடியைப் பிடுங்கிப் பார்த்தேன். மண்வில்லையைச் சுற்றியிருந்த மெல்லிய வலைத்துணி அப்படியே இருந்தது. ஆணிவேர் அதை முட்டி, கீழே போக வழியில்லாமல் உள்ளேயே இரண்டு சுற்றுச் சுற்றியிருந்தது. அந்த வலை மண்ணில் மக்கிவிடும் என்று குறிப்பில் இருந்தது. எத்தனை வருடத்தில் என்பது குறிப்பில் இல்லை.

ஆக, பெட்டியில் இருந்த மிகச் சிறந்த விதையை அதே பெட்டியில் வந்த வில்லையே கெடுத்தது.

செவ்வந்தி கதை வேறு. முளைத்த நான்கில் இரண்டு பிழைத்தன. அவை நாள் பார்க்காத செடி என்று உறையில் எழுதியிருந்தது சுத்தப் பொய். செவ்வந்தி இரவு நீண்டால் மொட்டு வைக்கும் செடி. கேமரன் மலையில் ராத்திரியில் போனவர்களுக்குத் தெரியும், மலைச்சரிவில் பிளாஸ்டிக் கூரைகளுக்குள் விளக்கு எரிந்துகொண்டிருக்கும். பூத்தோட்டக்காரர்கள் நடு இரவில் விளக்குப் போட்டுச் செடியை ஏமாற்றுகிறார்கள். இன்னும் பகல்தான் என்று நினைத்து அது தண்டை நீட்டும், தண்டு போதுமான உயரம் வந்ததும் விளக்கை அணைப்பார்கள், மொட்டு வரும். என் வீட்டில் விளக்கு இல்லை. பன்னிரண்டு மணி நேர இருட்டைப் பார்த்ததும் இரண்டும் சுண்டுவிரல் உயரத்திலேயே மொட்டு வைத்துவிட்டன. என் மனைவி அதைப் பார்த்துவிட்டு, "பள்ளிக்கூடம் போற வயசுல கல்யாணம் பண்ணிக்கிச்சு" என்றாள்.

தக்காளி நியாயமாகவே நாள் பார்க்காத செடிதான், அதில் விளம்பரம் பொய் சொல்லவில்லை. கொத்துக் கொத்தாகப் பூத்தது. பூத்ததில் பாதி உதிர்ந்தது. இரவு குளிர்ந்தால்தான் தக்காளிப் பூ ஒழுங்காகக் காய் பிடிக்கும். இங்கே விடியற்காலையில்கூட 24, 25 டிகிரி இருக்கிறது. செர்ரி ரகம் என்பதால் கொஞ்சமாவது பிடித்தது. மூன்று செடியில் மொத்தம் நாற்பத்தொரு பழம், நான் எண்ணினேன். வெளிச்சத்தைப் பார்க்காத செடி எல்லாம் வெக்கையையும் பார்க்காது என்று நினைத்துவிடக் கூடாது. நாலு டிகிரியில் என் தங்கை மகன் செய்த அதே தப்பை முப்பத்திரண்டு டிகிரியில் நான் செய்திருக்கிறேன். அவனிடம் இன்னும் சொல்லவில்லை.

விற்றவருக்குச் செய்தி அனுப்பினேன். லாவெண்டர், ஸ்பினாச், செவ்வந்தி மூன்றும் விளம்பரத்துக்கு மாறாக இருக்கின்றன என்று படம் போட்டு, தெர்மாமீட்டர் படத்தையும் சேர்த்து எழுதினேன். உடனே பதில் வந்தது: 'அன்புள்ள வாடிக்கையாளரே, வசந்தம் வரை காத்திருந்து மீண்டும் முயலவும்.' அதற்கடியில் ஒரு பூப்படம். மறுபடி எழுதியதற்கு அதே பதில், அதே பூப்படம். மெஷின்தான் பதில் போடுகிறது போல. மெஷினோடு சண்டை போட்டே 31 வருடம் சம்பளம் வாங்கியவன் நான், ஓய்விலும் அது வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

இனி நான் பாராட்ட வந்த கடை. பாலிக் புலாவ் போகும் வழியில், சாலையோரம் பச்சை வலை கட்டிய ஒரு நர்சரி. பெயர்ப்பலகை சீனத்தில் மட்டும் இருக்கிறது, அதனால் எனக்கும் பெயர் தெரியாது. வாசலில் பெரிய மண்ஜாடிகள் குவித்திருக்கும், அதுதான் அடையாளம். கடை பார்ப்பது அறுபத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு சீன அம்மா, நான் ஆன்ட்டி என்று கூப்பிடுவேன். உள்ளே மரத்தட்டில் கண்ணாடி ஜாடிகள். கீரை, கங்கோங், வெண்டை, பயற்றங்காய், மிளகாய், செண்டு. விதையை எடுக்க ஒரு பழைய பால்பவுடர் கரண்டி, நிறுக்க நகைக்கடைத் தராசு மாதிரி ஒன்று. பழைய காலண்டர் தாளில் பொட்டலம் மடித்து ஸ்டேப்ளர் அடித்துக் கொடுப்பார். ஒரு பொட்டலம் இரண்டு வெள்ளி, மூன்று வெள்ளி.

பெட்டியின் உறைகளை அவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். ஒவ்வொன்றாக வாங்கி, படத்தை மட்டும் பார்த்து மேசையில் இரண்டு குவியலாகப் பிரித்தார். லாவெண்டர், ஸ்பினாச், செவ்வந்தி ஒரு பக்கம். "இனி தா போலே. சீனி பானாஸ்" என்றார் மலாயில். இது ஆகாது, இங்கே வெக்கை. மற்ற மூன்றைக் காட்டி "இனி போலே", இது ஆகும். தக்காளி உறையை மட்டும் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்து, தலையை இப்படியும் அப்படியுமாக ஆட்டிவிட்டு நடுவில் வைத்தார். எனக்கு மூன்று மாதமும் ஒரு தெர்மாமீட்டரும் தேவைப்பட்ட முடிவு அவருக்கு அரை நிமிடம்.

அவரிடம் வாங்கிய செண்டு விதையை எப்படிப் போடுவது என்று கேட்டேன். காலை வெயில் மட்டும் படும் இடம், மதியத்துக்குக் கறுப்பு வலை நிழல். மண்ணோடு பாதிக்குப் பாதி தேங்காய் நார்த்தூள். விதையின் கனத்துக்கு மேல் மண் மூடக் கூடாது. தண்ணீர் காலையில் மட்டும், சாயங்காலம் ஊற்றினால் ராத்திரி முழுக்க ஈரம் நின்று கழுத்தழுகும். முளைத்த பிறகு பத்து நாள் உரம் கூடாது. கோழி எருவைக் கையில் எடுத்து மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய்க் காட்டினார்: நாற்றம் அடித்தால் இன்னும் மக்கவில்லை, போடாதே. இதில் ஒன்றுகூடப் பெட்டிக் குறிப்பில் இல்லை. எப்போது போடலாம் என்று கேட்டதற்குச் சீனப் புத்தாண்டு முடிந்ததும் போடு, ஏப்ரல் இடிமழை வருவதற்குள் செடி கெட்டியாகிவிடும் என்றார். எங்கள் கணக்கில் அது தைப்பூசம், அவர் கணக்கில் வசந்த விழா. அப்படிப் பார்த்தால் பினாங்கிலும் ஒரு வசந்தத் தொடக்கம் இருக்கத்தான் செய்கிறது. உறைபனிக்குப் பதில் இடிமழையை வைத்து எண்ண வேண்டும்.

அந்தச் செண்டு நாற்பத்தெட்டாம் நாள் பூத்தது. பதினாறு விதை போட்டேன், பதினான்கு முளைத்தன, நத்தை இரண்டைத் தின்றது. பன்னிரண்டு செடியில் இருந்து வெள்ளிக்கிழமை தோறும் சாமி படத்துக்கு ஒரு முழம் தொடுக்கும் அளவு பூ, ஐந்து வாரம். சந்தையில் ஒரு முழம் என்ன விலை என்று தெரிந்தவர்கள் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

குறை இல்லாத கடை என்று சொல்லமாட்டேன். பொட்டலத்தில் தேதி இருக்காது, விதை எந்த வருடத்தது என்று கேட்டால் "பாரு, பாரு" என்று சொல்வார். மலாயில் புதுசு, புதுசு என்று அர்த்தம், அவர் கணக்கில் நான் வாங்கிய எல்லாப் பொட்டலமும் புதுசுதான். ஆனால் மிளகாய் ஒரு தடவை பத்தில் மூன்றுதான் முளைத்தது. ரகத்தின் பெயர் கேட்டால் 'சிவப்பு', 'நீளம்' என்பதற்கு மேல் தெரியாது. நாள் பார்க்காத செடியவரை விதை வேண்டும் என்று கேட்டேன், பயற்றங்காய் ஜாடியைத் தூக்கிக் காட்டினார். பெங்களூரு தோட்டக்கலை ஆய்வு நிறுவனம் எடுத்த அர்க்கா ஜெய், அர்க்கா விஜய் போன்ற குட்டை அவரை ரகங்களைப் பற்றிப் படித்ததிலிருந்து எனக்கு ஆசை. முன்பெல்லாம் ஊருக்குப் போனவர்கள் புடவை மடிப்பில் விதை கொண்டுவருவார்கள். அது தப்பு, விதைக்கு அரசின் இறக்குமதி அனுமதி வேண்டும். அனுமதி வாங்கி வரவழைக்கும் கடை பினாங்கில் இருந்தால் யாராவது சொல்லுங்கள்.

இன்னொன்று, செவ்வாய்க்கிழமை சில சமயம் திறந்திருக்கும், சில சமயம் இருக்காது. ஐந்து வெள்ளிக்குக் கீழே என்றால் கியூஆர் அட்டையைக் காட்டமாட்டார், சில்லறை கொண்டுபோங்கள். வண்டி நிறுத்த எதிர்ப்பக்கம் டுரியான் கடை இருக்கிறது. சீசன் நேரத்தில் அங்கே நிறுத்தினால் டுரியான் வாங்காமல் வண்டியை எடுக்க விடமாட்டார்கள். மூன்று வெள்ளி விதைக்குப் போய் அறுபது வெள்ளிக்கு டுரியானோடு நான் வீடு வந்த நாள் உண்டு.

பெட்டியில் மிச்சம் இருப்பது பென்சிலும் லாவெண்டர் உறையும்தான். உறையில் இருந்த விதையை ஈர மணலோடு கலந்து, மார்ஜரின் டப்பாவில் போட்டு, ஐஸ்பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்திருக்கிறேன். ஆறு வாரம் குளிரட்டும், பிறகு பார்க்கலாம். மேலே பெயர் எழுதி ஒட்ட மறந்துவிட்டேன். நேற்று மனைவி டப்பாவைத் திறந்து மோந்து பார்த்துவிட்டு, "ஏங்க, இந்தக் கடுகு எப்ப வாங்கினது, மண்ணா இருக்கு, கொட்டிடவா?" என்றாள்.